பாதியில் இருக்கும் புத்தகங்கள்

ஒருவர் படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்வதைவிட, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்கவே எனக்கு விருப்பம். முடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் தீர்ப்புதான் வரும்; அருமையான நாவல், கட்டாயம் படியுங்கள், கொஞ்சம் நீளம் என்று இரண்டு வரியில் பேச்சு அடங்கிவிடும். பாதியில் இருப்பவரிடம் கேட்டாலோ, முந்தின இரவு அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது வரும், ஒரு பாத்திரத்தின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் வரும், இனி இப்படித்தான் நடக்கும் என்ற ஊகம் வரும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் பெரும்பாலான புத்தகங்களைத் தேடிப் போயிருக்கிறேன். ஆகவே பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழர்களிடம் நலம் விசாரித்து முடித்ததும், இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பதைப் பழக்கமாக வைத்திருக்கிறேன். கடந்த சில மாதங்களில் அப்படிக் கேட்டுக் கிடைத்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த நகரத்தில் தமிழ் படிப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறவர்கள் அல்லர். அல்சூர் ஏரிக்கு அருகே இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். ஜாலஹள்ளியின் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து அலமாரியில் அடுக்கியிருப்பவர்கள் ஒரு பக்கம். வெளிவட்டச் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் வேலை செய்துகொண்டு கிண்டிலில் படிக்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறி வந்து போகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் ஒருவர் படிப்பது மற்றவர் காதுக்கு எட்டுவதற்கு வழி குறைவு. எங்களுடைய சிறிய வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறது. அங்கே எழுதப்படாத ஒரு விதி உண்டு: கையில் இருக்கும் புத்தகத்தைக் கொண்டு வர வேண்டும், அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஒரு பத்தியில் கூச்சம் தெளிந்துவிடுகிறார்.

இந்தப் பதில்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்கள் நான் நினைத்திருந்ததைவிட அதிகமான கைகளில் இருப்பது தெரிகிறது. இரண்டு, மூன்று தலைமுறையாக இங்கே வாழும் நம்மில் பலருக்குக் காய்கறிக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் தடையில்லாமல் கன்னடம் பேச வரும். எழுத்தைக் கூட்டிப் படிக்கத்தான் வராது. அதனால் நாம் குடியிருக்கும் தெருவைப் பற்றி, நாம் தினமும் கடக்கும் மனிதர்களைப் பற்றி அந்த மொழியில் எழுதப்பட்டவை எல்லாம் நெடுங்காலம் நமக்குப் பூட்டிய அறையாகவே இருந்தன. அந்த அறையைத் திறந்து வைத்தவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்கு அருகில் உள்ள வளவனூரைச் சேர்ந்த பாவண்ணன், தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகத்துக்கு வந்து, கன்னடம் கற்று, கிரீஷ் கர்னாடின் நாடகங்களையும் பைரப்பாவின் நாவலையும் சித்தலிங்கையாவின் தன்வரலாற்றையும் தமிழுக்குக் கொண்டு வந்தார். கே. நல்லதம்பி அண்மை ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கன்னட நூல்களை மொழிபெயர்த்து வருகிறார். நேமிசந்திராவின் ‘யாத் வஷேம்’ நாவலின் தமிழாக்கத்துக்காக அவருக்கு 2022-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. இத்தகையோரின் உழைப்பு இல்லையென்றால் கீழே வரும் பேச்சில் பாதி நடந்திருக்காது.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணி, கணக்காளராக வேலை பார்ப்பவர், விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ நாவலை நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்தார். அளவில் சிறிய நாவல். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அவர் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தார். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவர் என்னிடம் முதலில் சொன்னது எறும்புகளைப் பற்றி. வரிசையாக ரயில் பெட்டிகளைப் போல அறைகள் அமைந்த பழைய வீட்டில், ஒரு நடுத்தரக் குடும்பம் எறும்புகளோடு நடத்தும் போராட்டம் அந்த நாவலில் வருகிறது. முதலில் சாப்பாட்டைக் காப்பாற்றுவதற்காக எறும்பை விரட்டுகிறார்கள், பிறகு நசுக்குகிறார்கள், நாளடைவில் நசுக்குவதில் ஒரு திருப்தி வந்துவிடுகிறது. “அக்கா, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன், மேடையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை வரவில்லை” என்றார் அவர். மின்தூக்கி வந்து, கதவு திறந்து, நாங்கள் ஏறாமலேயே மேலே போய்விட்டது.

அந்த எறும்புப் பகுதியை நானும் மறுபடி எடுத்துப் படித்தேன். நாவலின் மீதிக் கதை முழுவதும் அந்த நான்கைந்து பக்கங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். அப்பாவின் வேலை போகிறது, சிற்றப்பா மசாலாப் பொடி வியாபாரம் தொடங்குகிறார், பணம் வருகிறது, வீடு மாறுகிறது, பணத்தை ஈட்டித் தருகிறவரைச் சுற்றி மற்றவர்கள் ஒரு மதில்போல நிற்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் கையில் பாத்திரத்தோடு, பருப்புக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு, அந்தச் சிற்றப்பாவைப் பார்க்க ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். வீட்டுப் பெண்கள் அவளை விரட்டும் விதத்தில் பழைய வீட்டின் எறும்பு வேட்டை அப்படியே திரும்பி வருகிறது. ஆசிரியர் எந்த இடத்திலும் இதை அதனோடு ஒப்பிட்டுச் சொல்வதில்லை. கீழ்த்தளத்துப் பெண்மணி இரண்டையும் தாமாகவே சேர்த்துப் பார்த்துவிட்டு, “நம் வீடுகளிலும் சம்பாதிக்கிறவருக்குத் தனித்தட்டு உண்டுதானே” என்று கேட்டார். அவருக்கு அந்தக் குடும்பம் அயல்மொழிக் குடும்பமாகத் தோன்றவே இல்லை. இந்த நாவலை நான் முன்பு ஆங்கிலத்தில் படித்தேன், நல்ல மொழிபெயர்ப்புதான். ஆனால் சமையலறைப் பேச்சும் மாமியார், நாத்தனார் குத்தலும் தமிழில் வரும்போது, ஒரு மதில் தள்ளிப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல நெருங்கி வருகின்றன. கன்னட நாவலைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு இருக்கும்போது ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள் என்று எவரிடமும் உறுதியாகச் சொல்வேன்.

ஸ்ரீராமபுரத்தில் நெடுங்காலமாக அச்சகம் நடத்திய ஒரு பெரியவர் எங்கள் வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். அவர் ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்களைப் படிக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலைப் புத்தகம் பாவண்ணன் மொழிபெயர்த்த ‘ஊரும் சேரியும்’. சித்தலிங்கையா கன்னடத்தின் பெரும் தலித் கவிஞர், 2021-இல் மறைந்தார். மாகடி வட்டத்தின் மஞ்சனபெலே கிராமத்தில் பிறந்து, குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவர். பெரியவர் எங்களுக்குப் படித்துக் காட்டியது புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் இடம். வயலில் இரண்டு மனிதர்கள் மாடுகளைப்போல நுகத்தடியைத் தோளில் சுமந்து ஏரை இழுக்க, பின்னால் ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார். அதை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, இழுப்பவர்களில் ஒருவர் தன் தந்தை என்பது சற்றுப் பிறகே தெரிகிறது. இதைச் சித்தலிங்கையா குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார். பெரியவரால்தான் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே புத்தகத்தில் சிரிக்காமல் படிக்கவே முடியாத பக்கங்களும் இருக்கின்றன என்று சொல்லி, அவற்றில் ஒன்றையும் படித்துக் காட்டினார். தம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இப்படி ஒருவர் வளர்ந்து எழுதியிருக்கிறார் என்பது இத்தனை காலம் தமக்குத் தெரியாமல் போனதே என்ற ஆதங்கம் அவர் பேச்சில் இருந்தது.

இரவுப் புத்தகம் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1977-இல் வெளிவந்த நாவல். செகந்திராபாத்தின் லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் பையன் சந்திரசேகரன். சைக்கிள், கிரிக்கெட், கல்லூரி என்று போய்க்கொண்டிருக்கும் அவன் வாழ்க்கைக்குள், 1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைவதற்கு முந்தைய மாதங்களின் பதற்றம் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. நிஜாம், அவருக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், இணைப்பு என்று வரலாற்று நூல்கள் பெரிய எழுத்தில் சொல்வதை, நேற்று வரை சேர்ந்து ஆடியவர்களுக்கு நடுவே வந்து விழும் தயக்கமாக அசோகமித்திரன் காட்டுகிறார். பெரியவர் நிறுத்தியிருந்த இடமும் அதுதான்.

அவருக்கு அந்த இடம் ஏன் நகர மறுத்தது என்பதை அவரே சொன்னார். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது, அச்சகத்தின் தமிழ்ப் பெயர்ப் பலகையை இரவோடு இரவாகக் கழற்றி உள்ளே வைத்தவர் அவர். அந்த நாட்களில் எதிர்க்கடைக்காரர் அவரோடு பேசாமல் இருந்தார். விரோதம் எதுவும் இல்லை, என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது பிற்பாடு புரிந்ததாம். “அந்த மௌனத்தை இந்தப் புத்தகத்தில்தான் எழுத்தாகப் பார்க்கிறேன்” என்றார். அவர் காலையில் சித்தலிங்கையாவையும் இரவில் அசோகமித்திரனையும் படிக்கும் அந்த ஏற்பாட்டை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வேறொரு மொழி பேசும் நகரத்தில் வாழ்கிற தமிழருக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதைவிடப் பயனுள்ள படிப்பு இருக்க முடியுமா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் தோழியின் மாமியார், எண்பதை நெருங்குபவர், பைரப்பாவின் ‘பருவம்’ நாவலோடு சண்டை போட்டுக்கொண்டே படிக்கிறார். கன்னடத்தில் 1979-இல் வந்த ‘பர்வ’த்தின் தமிழாக்கம் இது, இதற்காகப் பாவண்ணனுக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. மகாபாரதத்தை வரமும் சாபமும் தெய்வச் செயலும் இல்லாமல், வெறும் மனிதர்களின் கதையாகச் சொல்லும் பெரிய நாவல். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த மாமிக்குப் பாரதத்தின் கிளைக்கதைகள் எல்லாம் மனப்பாடம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவரிடம் ஓர் ஆட்சேபம் இருக்கிறது. கண்ணனை இப்படிச் சாதாரண மனிதனாக்கிவிட்டாரே என்று ஒரு நாள் வருந்துகிறார். போருக்குப் படை கிளம்பினால் அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும் என்று எந்தப் பாகவதரும் சொன்னதில்லை, இவர்தான் கணக்குப் பார்த்திருக்கிறார் என்று மறுநாள் மெச்சுகிறார். குந்தி தன் வாழ்க்கையைத் தனக்குள்ளேயே திரும்பிப் பார்க்கும் நீண்ட பகுதிக்கு வந்த பிறகு ஆட்சேபங்கள் குறைந்துவிட்டன என்று தோழி சொன்னாள். அந்தப் பகுதியைப் படித்த பிற்பகலில் மாமி யாரிடமும் பேசாமல் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாராம். படிக்கிறவரோடு இத்தனை வாதாடும் புத்தகம் அபூர்வம். வாதாடிக்கொண்டே கீழே வைக்காமல் படிக்கும் வாசகரும் அபூர்வம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’வையும் இரண்டு பேர் தமிழில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இறந்து கிடக்கும் நாரணப்பனுக்கு யார் ஈமச்சடங்கு செய்வது என்ற கேள்வியில் ஓர் அக்கிரகாரமே உறைந்து நிற்பதும், வீடுகளில் எலிகள் செத்து விழத் தொடங்குவதும் முதல்முறை படிப்பவரை உலுக்கிவிடும். ஆனால் கன்னட இலக்கியம் என்றால் இந்த ஒரு நாவலோடு நின்றுவிடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம், அதை மாற்றிக்கொள்ளலாம்.

பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’ 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பிறகு நகரத்தின் புத்தகக் கடைகளில் எங்கும் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. கன்னட நூல் ஒன்றுக்கு இந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்குக் கிடைத்ததும் அதுவே முதல்முறை. ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞரான அவர், முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருபவர். தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். சிவாஜி நகரில் வசிக்கும் என் பழைய அலுவலகத் தோழி அதை ஒரு தனி விதமாகப் படிக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு ஆம்பூர் பக்கம், ஆங்கிலம் வராது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தோழி ஆங்கிலத்தில் ஒரு பத்தியை மனத்துக்குள் படித்துவிட்டு, அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறாள். தலைப்புக் கதையில், கணவன் வேறொருத்தியை நாடிப் போன பிறகு பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் மெஹ்ருனை, உடன்பிறந்தவர்களே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவள் இரவில் மண்ணெண்ணெயைத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறாள். மகள் சல்மா ஓடி வந்து தடுக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது அம்மா தமக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களின் பெயரைச் சொல்லி, இவர்கள் கதையை இதை எழுதியவருக்கு யார் போய்ச் சொன்னது என்று கேட்டாராம். இந்த வீட்டில் ஒரு புத்தகம் கன்னடத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் வாங்கப்பட்டு, தமிழில் கேட்கப்படுகிறது. மூன்று மொழிகளையும் தாண்டி வந்த பிறகும் கதை சேதமில்லாமல் அந்த அம்மாவைச் சென்று சேர்ந்திருக்கிறது என்பதே எனக்கு அந்த நூலைப் பற்றிக் கிடைத்த மிக நல்ல சான்று.

கன்னட நூல்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போவதால் தமிழ் நூல்களை யாரும் தொடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் வரும் ஓர் இளைஞர், கன்டோன்மென்ட் அருகே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பவர், பூமணியின் ‘வெக்கை’யைப் படிக்கிறார். பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்ததால் புத்தகத்தின் பெயரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கூட்டத்தில் கசங்காமலிருக்க அப்படி அட்டை போடுவதாகச் சொன்னார். 1982-இல் வந்த அந்த நாவலைத் தழுவித்தான் 2019-இல் ‘அசுரன்’ படம் வந்தது என்பதால் கதை தமக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு தொடங்கியவர், புத்தகம் வேறொன்றாக இருப்பதைக் கண்டு வியந்துபோயிருந்தார். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டுத் தந்தையோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சிறுவன் சிதம்பரத்தின் நாட்கள்தான் நாவல். என்ன சாப்பிட்டார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள், எந்தப் புதருக்குள் படுத்தார்கள் என்பதையெல்லாம் பூமணி அவசரமில்லாமல் சொல்கிறார். “அப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சுக்காகவே படிக்கிறேன், எங்கள் வீட்டில் அப்பா இத்தனை வார்த்தை பேசியதில்லை” என்றார் அந்த இளைஞர். அவருடைய தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அப்பாவுக்கும் வேலை போயிற்று. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ எங்கள் வட்டத்தில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல், கொங்கு நாட்டின் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமாவின் சாவோடு தொடங்கி, அந்தச் சாவுக்குக் கூடும் உறவுகளின் நினைவாக விரிகிறது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள் இதன் பேச்சு வழக்கைப் படிக்கும்போது முகம் மலர்கிறார்கள். அடுத்த ஆண்டின் விருதைப் பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலை ஒரு கல்லூரி ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டு படித்து வருகிறார். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் மறுநாள் மக்கள் தெருவில் இறங்கியதை, பெரிய தலைவர்களின் கதையாகச் சொல்லாமல், அதில் அடிபட்டு வழக்கில் சிக்கிய எளிய மனிதர்களின் பக்கம் நின்று சொல்வதால் தமக்கு அது பிடித்திருக்கிறது என்றார். ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், அதே நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

பொன்னியின் செல்வனைப் படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். சில்க் போர்டு சந்திப்பில் நிறுவனப் பேருந்து நகராமல் நிற்கும் நேரத்தில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போவதைக் காதில் கேட்பது இதமாக இருக்கிறது என்கிறாள் என் உறவுப் பெண். அவளுக்குத் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. காதால் கேட்பது படிப்பாகாது என்று எங்கள் வட்டத்தில் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்கி வாரம் வாரம் எழுதிய அந்தத் தொடரை, ஒருவர் உரக்கப் படிக்க வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டதாகத்தானே நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். அவளும் இப்போது முதல் பாகத்தை அச்சில் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்ட அத்தியாயத்தை விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறாள்.

குழந்தைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலையும் அதிக மகிழ்ச்சியும். இங்கே பள்ளியில் கன்னடம் கட்டாயப் பாடம். ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கு முன்பே கன்னட எழுத்து வந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்தே இயங்கும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், ஒரே படக்கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது; படிக்கும் திறனுக்கேற்ப நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். எங்கள் தளத்தில் உள்ள ஒரு வீட்டில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒரு கதையைக் கன்னடத்தில் கைபேசியில் படிக்கிறாள். பாட்டி அதே கதையைத் தமிழில், பெரிய எழுத்தாக அச்செடுத்த தாளில் படிக்கிறார். ஒரு பக்கம் இவள் படித்ததும் அடுத்து அவர் அதே பக்கத்தைப் படிக்க வேண்டும். யானையின் படம் வந்த பக்கத்தில் பேத்தி கன்னடத்தில் “ஆனெ” என்று படித்தாள், பாட்டி “யானை” என்றார், குழந்தை சட்டென்று பாட்டியின் தாளை இழுத்து அந்தச் சொல்லை உற்றுப் பார்த்து, தானாகவே எழுத்தைக் கூட்டத் தொடங்கினாள். தமிழ் வகுப்புக்குப் போகச் சொன்னால் அழுகிற பிள்ளை அது. நீங்கள் யாராவது வெளியூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தரப் பாடுபட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒரு வழியைக் கட்டாயம் முயன்று பாருங்கள்.

கப்பன் பூங்காவில் 2023-இன் தொடக்கத்திலிருந்து சனிக்கிழமைகளில் நடந்து வரும் மௌன வாசிப்புக்கும் நான் சில முறை போயிருக்கிறேன். யாரும் யாரையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. பாயை விரித்து, மரத்தடியில் அவரவர் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாம். ஆங்கிலப் புத்தகங்களே மிகுதி. ஆனால் தமிழ் எழுத்து தெரியும்படி அட்டையை மேலே வைத்துக்கொண்டு படித்தால், எழுந்து போகும் வேளையில் யாராவது ஒருவர் தயங்கி நின்று, “நீங்கள் தமிழா, இது என்ன புத்தகம்?” என்று கேட்கிறார். எங்கள் வட்டத்துக்கு அப்படி வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

அடுத்து எல்லோரும் சேர்ந்து படிப்பதற்கு மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் ‘சிக்கவீர ராஜேந்திரன்’ நாவலைத் தேர்ந்திருக்கிறோம். மாஸ்தி 1891-இல் கோலார் மாவட்டத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்தில் எழுதி, கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்பட்டவர். பெங்களூர் கவிபுரத்தில் வாழ்ந்தவர். குடகின் கடைசி அரசனை 1834-இல் ஆங்கிலேயர் பதவியிலிருந்து இறக்கிய வரலாற்றைச் சொல்லும் இந்த நாவலுக்கு 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. வீட்டில் தமிழ் பேசிய ஒருவரின் கன்னட நாவல் திரும்பவும் தமிழுக்கு வந்து, அதை நாம் இந்த ஊரில் உட்கார்ந்து படிக்கப்போகிறோம் என்பதில் எனக்கு ஒரு தனிப் பூரிப்பு. தமிழ்ப் பிரதிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஜாலஹள்ளிக்காரரின் அலமாரியில் இருந்த பழைய பிரதி முதலில் மல்லேஸ்வரத்து மாமிக்கும், பிறகு ஸ்ரீராமபுரத்துப் பெரியவருக்கும் போகிறது. குடகு அரசர்களின் தலைநகராக இருந்த மடிக்கேரிக்குப் போய் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் படிப்பதா, படித்த பிறகு போவதா என்பதில் மட்டும் வட்டத்தில் இரண்டு கருத்து இருக்கிறது. நான் படித்த பிறகு போவதன் பக்கம்: அங்கே யார் வாழ்ந்தார்கள், எதற்காக ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள் என்பது தெரியாமல் போனால், அது எனக்குப் பயண வழியில் பார்க்கும் இன்னொரு பழைய கட்டடமாகவே நின்றுவிடும்.